மஞ்சத்துக்கும் தேருக்கும் இடையில் எத்தனை நாள்? தரம் 4 வகுப்பில் பண்டிகைக் கணித விளையாட்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்து, தேர்ச்சி அறிக்கை எழுதுகிற வாரம் எந்தப் பாடசாலையிலும் ஒரு மாதிரியான வாரம்தான். பாடத்திட்டம் முடிந்திருக்கும். ஆசிரியர்கள் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருப்போம். பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில், வலிகாமப் பக்கத்து ஒரு சிறிய பாடசாலையில் தரம் 4 என்னுடைய வகுப்பு. 23 பிள்ளைகள், ஒழுங்காக வேலை செய்கிற 2 மடிக்கணினிகள், தன் விசிறிச் சத்தத்தால் என் குரலைப் பின்வாங்குக்குக் கேட்காமல் செய்துவிடுகிற ஒரு பழைய புரொஜெக்ரர். அந்த ஒரு வாரத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். குறிப்புப் புத்தகம் வைத்து எழுதத் தொடங்கியது பிறகு, முதல் முயற்சி படுதோல்வியான பின்னர்.

நத்தார் வரப்போகிறது, அதையொட்டி ஏதாவது கணித விளையாட்டு இருக்குமா என்று ஆங்கிலத்தில் தேடினேன். கொட்டியது. பனிமனிதனின் தொப்பியில் சரியான விடையைப் போடு, நத்தார் தாத்தாவின் வண்டியில் பரிசுப் பெட்டிகளை ஏற்று, மரத்தில் இரட்டை எண் உருண்டைகளைத் தொங்கவிடு. கொஞ்சம் பின்னால் போனால் ஹலோவீன் பூசணிக்காய், அதற்கு அடுத்து நன்றி நவிலல் நாள் வான்கோழி. அமெரிக்க ஆரம்பப் பாடசாலைகளின் வருடமே இப்படிப் பண்டிகை பண்டிகையாக ஓடுகிறது போலிருக்கிறது. நிறம் மாறும், படம் மாறும், உள்ளே அதே கூட்டலும் கழித்தலும். முன்பு எப்போதோ நான் சேமித்து வைத்திருந்த இணைப்புகளில் பல திறக்கவேயில்லை. அவற்றை ஓடவைத்த ஃபிளாஷ் என்ற மென்பொருளுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 உடன் அடோபி நிறுத்தியபோது, அந்தக் காலத்து விளையாட்டுகள் கூட்டத்தோடு போய்விட்டன. திறந்தவற்றில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளை முறை வைத்து உட்கார வைத்தேன்.

பனிமனிதனை இவர்களுக்குத் தெரியாது, அதனால் ஒட்டாது என்று நினைத்திருந்தேன். என் அறியாமை. யூரியூப் பார்க்கிற பிள்ளைகளுக்குப் பனிமனிதனைத் தெரியாமல் இருக்குமா? அவனுக்கு மூக்கு கரட் என்று ஒருத்தி எனக்கே விளக்கினாள். சிக்கல் வந்தது ஒரே ஓர் இடத்தில்தான். கடை விளையாட்டு ஒன்றில் 25 சத நாணயம் வந்தது. ஐந்து, பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று காசு எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கு 25, 25 ஆகக் கூட்டுவது கையில் வரவில்லை. அது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. எங்களுடையவர்கள் அந்தக் கேள்விகளைச் செய்யாமல் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். மற்றபடி விளையாடினார்கள், சிரித்தார்கள், மணி அடித்தது, போனார்கள்.

அடுத்த நாள் கொப்பியில் அதே கணக்குகளைக் கொடுத்தேன். முந்தைய வாரம் எங்கே பிழைத்தார்களோ அங்கேயே பிழைத்தார்கள்.

சரி, எங்கள் பண்டிகை இல்லாததுதான் குறை என்று முடிவு கட்டினேன். இந்த முடிவை நான் மட்டும் எடுக்கவில்லை. இங்கே கற்பித்தல் சாதனம் செய்கிற அனேகமான பேர் இதையேதான் நினைக்கிறார்கள். பனிமனிதனை எடுத்துவிட்டுப் பொங்கல் பானையை வை, வேலை முடிந்தது.

இருமல் விளையாட்டு

தைப்பொங்கலுக்கு முன்னால் இரண்டு இரவு இருந்து பவர்பொயின்ற்றில் ஒரு பானை விளையாட்டுச் செய்தேன். 6, 7, 8 ஆம் வாய்ப்பாடுகள். திரையில் மூன்று கல் அடுப்பு, பானை, பக்கத்தில் கரும்பு. ஒரு பெருக்கல் வரும், கீழே நான்கு விடைகள். சரியானதை அழுத்தினால் பால் பொங்கி வழியும், வெடிச் சத்தம் கேட்கும். பிழையானதை அழுத்தினால் அடுப்பு புகையும், ஒரு ஆள் இருமுகிற சத்தம் வரும். இருமியது நான்தான். போனில் பதிந்து போட்டேன்.

முதல் நாளே ஒரு பையனைக் கவனித்தேன். 7 × 8. அவன் 54 ஐ அழுத்தினான். புகை, இருமல். சிரித்தான். 48. இருமல். இன்னும் சிரித்தான், பக்கத்தில் இருந்தவனும் சேர்ந்துகொண்டான். 63. இருமல். கடைசியாக 56 ஐ அழுத்தி, பால் பொங்கும்போது திரையைப் பார்க்கக்கூட இல்லை, அடுத்த கேள்விக்குக் காத்திருந்தான்.

"தம்பி, ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அம்பத்தாறு ரீச்சர்." ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"அப்ப ஏன் பிழையா அமத்தினீர்?"

"நீங்கள் இருமுறது நல்லா இருக்கு ரீச்சர்."

அன்று மத்தியானத்துக்குள் வகுப்பே அந்த விளையாட்டுக்கு 'இருமல் விளையாட்டு' என்று பெயர் வைத்துவிட்டது. பிழைக்குக் கிடைக்கிற பரிசு சரிக்குக் கிடைப்பதைவிடச் சுவாரசியமாக இருந்தால் பிள்ளை பிழையைத்தான் தேடிப் போகும். இது விளையாட்டுச் செய்கிறவர்களுக்குத் தெரிந்த பால பாடம், எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இருமலை எடுத்தேன். உடனே அவர்களுக்கு ஆர்வமும் போய்விட்டது. ஓட்டக் கடிகாரம் ஒன்றைச் சேர்த்தேன். கணக்கை வாசிக்காமலே நான்கு விடைகளையும் தட்டத் தொடங்கினார்கள். அதையும் எடுத்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் பானையை எடுத்துவிட்டு அதே இடத்தில் பனிமனிதனை வைத்தால் கணக்கில் ஏதாவது மாறுமா? ஒன்றும் மாறாது. 7 × 8 க்கும் பொங்கலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் அமெரிக்கக்காரர்கள் செய்ததையேதான் செய்திருந்தேன், வேறு வர்ணம் பூசி.

இதை முறையாகச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹாப்குட், எயின்ஸ்வேர்த் என்ற இருவர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே வகுத்தல் விளையாட்டை வேறு வேறு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்றில், நெஞ்சில் எண் எழுதிய எலும்புக்கூடுகள் வரும். அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய ஆயுதத்தைத் தேர்ந்தால்தான் அது விழும். மற்றதில் சண்டை தனி, கணக்கு தனி. ஒரு கட்டம் முடிந்ததும் கேள்விகள் வரும். கணக்கே சண்டையாக இருந்த விளையாட்டில் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் விளையாடலாம் என்று விட்டபோது அதிலேயே 7 மடங்கு நேரம் இருந்தார்கள். எலும்புக்கூடு பிள்ளைகளின் பண்பாடா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வர்ணம் பூசிய விளையாட்டு உதவாது என்று நான் ஒதுக்கவில்லை. விளங்கிய வாய்ப்பாட்டைப் பாடமாக்க, அதுவும் லீவுக்கு முந்தைய வாரத்தில், அது போதும். விளங்காததை அது விளங்கவைக்காது, அவ்வளவுதான்.

25 புள்ளி

பொங்கல் முடிந்து வந்த வாரத்தில், முற்றத்தில் போட்ட கோலத்தைக் கொப்பியில் வரைந்து வரச் சொன்னேன். பலர் பூவையும் சூரியனையும் வரைந்து வந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் தன் அப்பம்மா போட்ட புள்ளிக் கோலத்தை ஒரு புள்ளி பிசகாமல் கொண்டுவந்தாள். முதல் வரியில் 1 புள்ளி, பிறகு 3, 5, 7, திரும்ப 5, 3, 1. மொத்தம் 25.

அதை ஸ்கிராட்சில் செய்தேன். 2007 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த மென்பொருள். நிரலைக் கட்டை அடுக்குவது போல அடுக்கலாம், இலவசம். பிள்ளை நடுவரியில் எத்தனை புள்ளி வேண்டும் என்று சொன்னால் கணினி கோலத்தைப் போட்டுக் காட்டும். ஆனால் போடுவதற்கு முன் கேட்கும்: மொத்தம் எத்தனை புள்ளி வரும்? எவ்வளவு பிழையாகச் சொன்னாலும் புகையோ இருமலோ இல்லை. கோலம் வரும், நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நடுவரி 1 என்றால் 1 புள்ளி. 3 என்றால் 5. 5 என்றால் 13. 7 என்றால் 25. இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "நடுவரி ஒன்பதென்றால்?" என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். கோலம் கொண்டுவந்த பிள்ளை பேசவில்லை. கொப்பியில் 1, 5, 13, 25 என்று எழுதி, ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் கீழே சின்னதாக 4, 8, 12 என்று குறித்திருந்தாள். தலையை நிமிர்த்தி, "ரீச்சர், இது நாலாம் வாய்ப்பாடு" என்றாள். அடுத்தது 16. 25 உம் 16 உம் 41. கணினியை அழுத்தினோம். 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1. எல்லோரும் சேர்ந்து உரத்து எண்ணினோம், 41.

ஏன் நாலு நாலாகக் கூடுகிறது என்பதற்கு அடுத்த இரண்டு நாள் போனது. கோலத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் பார்ப்பதை விட்டு, நடுப்புள்ளியில் இருந்து வெளியே சுற்றுச் சுற்றாகப் பாருங்கள் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தேன். நடுவில் 1. முதல் சுற்றில் 4. அடுத்த சுற்றில் 8. நான்கு பக்கம், ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துக்கு ஒரு புள்ளி கூடுகிறது. பிறகு ஒரு பையன் மடிக்கணினியைத் தூக்கிச் சரித்துப் பிடித்தான். எனக்குப் பதறியது, இரண்டில் ஒன்று போனால் பாதி வகுப்பு போய்விடும். ஆனால் அவன் கண்டது பெரிய விஷயம். சரித்துப் பார்த்தால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாக உள்ள நிறங்கள் சதுரங்களாகத் தெரிகின்றன. 4 தர 4 இல் ஒரு சதுரம், அதன் இடைவெளிகளில் 3 தர 3 இல் இன்னொன்று. 16 உம் 9 உம் 25.

கணினி இங்கே செய்த வேலை சின்னது, ஆனால் கையால் செய்ய முடியாதது. 41 புள்ளியைத் தாளில் இடைவெளி பிசகாமல் குத்த ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பாடவேளை முழுவதும் வேண்டும். கணினி ஒரு நொடியில் போட்டுவிடுகிறது. அதனால் 'அடுத்தது என்ன' என்று திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தது. 61 வரை போனோம். பின்னேரம் வீட்டுக்குப் போன ஒருத்தன் 85 என்று எழுதிக்கொண்டு வந்தான். சரிதான்.

பயறு கொஞ்சம் கூட

கோலத்தின் தைரியத்தில் பானைக்குத் திரும்பினேன். இந்த முறை வாய்ப்பாடு இல்லை, பின்னம். ஒரு சுண்டு பச்சரிசிக்குக் கால் சுண்டு வறுத்த பயறு என்று வைத்து, இரண்டு சுண்டு, மூன்று சுண்டு, ஆறு சுண்டுக்கு எவ்வளவு என்று பிள்ளைகள் திரையில் பயற்றை அளந்து கொட்ட வேண்டும். கணக்குச் சரியென்றால் பொங்கல் புக்கை. இதில் பானையை எடுத்துவிட்டுப் பனிமனிதனை வைக்க முடியாது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பிள்ளை அழுகிற மாதிரி நின்றாள். ஒரு சுண்டுக்கு அரைச் சுண்டு போட்டிருக்கிறாள், கணினி பிழை என்கிறது. "எங்கட வீட்டிலை அம்மா பயறு கொஞ்சம் கூடத்தான் போடுறவா ரீச்சர். அதுதான் நல்லா இருக்கும்." அவள் சொல்வதில் என்ன பிழை? புக்கைக்கு ஒரே கணக்கு என்று எந்த வீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அவளுடைய தாயாரிடம் கேட்டபோது, "நாங்கள் எங்க ரீச்சர் அளக்கிறது, கைக்கணக்குத்தானே" என்று சிரித்தார்.

விளையாட்டைத் திருத்தினேன். தொடக்கத்தில் கேட்கும்: உங்கள் வீட்டில் ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு பயறு? காலா, அரையா, முக்காலா? பிள்ளை தேர்ந்தெடுத்ததை வைத்து மிச்சக் கணக்கெல்லாம் நடக்கும். இந்தத் திருத்தம் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தது. ஒரே ஆறு சுண்டு அரிசிக்கு ஒருத்திக்கு ஒன்றரைச் சுண்டும் இன்னொருத்திக்கு மூன்று சுண்டும் வந்தபோது, இரண்டும் எப்படிச் சரி என்று அவர்களுக்குள் வாக்குவாதம். விகிதம் என்ற சொல்லை நான் இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரவு ஏழு மணிப் போன்

பாடசாலையில் 2 மடிக்கணினி என்பதால் வீட்டுக்கு அனுப்பாமல் சரிவராது. வகுப்பு வட்ஸ்அப் குழு கோவிட் காலத்தில் இருந்தே இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது இந்தப் பழக்கம் தொடங்கியது, பிறகு விடவில்லை. ஆனால் விளையாட்டை அனுப்புவது பாடக்குறிப்பு அனுப்புவது போல இல்லை.

முதலில் எழுத்துரு. என் பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் அடித்தவை. அதில் இருந்து வெட்டி ஒட்டியதும் போனில் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகக் கிடந்தது. எல்லாவற்றையும் யுனிகோட்டில் திரும்ப அடித்தேன். பிறகு பவர்பொயின்ற். கணினியில் துள்ளி விளையாடுகிற அழுத்தான்கள் வட்ஸ்அப்பில் திறந்தால் வெறும் படமாக நின்றன. கடைசியில் ஸ்கிராட்ச் விளையாட்டுகளை ரேர்போவார்ப் என்ற கருவியால் ஒற்றைக் கோப்பாகக் கட்டி அனுப்பினேன். ஒருமுறை இறக்கினால் போதும், போனின் பிரவுசரில் இன்ரநெற் இல்லாமலே ஓடும். ரீலோட் போட்டு டேட்டா வாங்குகிற வீட்டில் இது பெரிய வித்தியாசம்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்றை எந்த வடிவமைப்புப் புத்தகத்தில் இருந்தும் நான் கற்றிருக்க முடியாது. போன் பிள்ளையுடையது இல்லை. தகப்பன் வேலைக்குப் போகும்போது போனும் போய்விடும். வீட்டுக்கு வருவது இரவு ஆறரை, ஏழு. அந்த நேரம்தான் கனடாவில் விடிந்து, மாமாவோ சித்தியோ வேலைக்குப் போகிற வழியில் கூப்பிடுகிற நேரம். விளையாட்டு நடுவில் அழைப்பு வரும், பேசி முடித்து வந்தால் விளையாட்டு தொடக்கத்துக்குப் போயிருக்கும், சேர்த்த புள்ளிகள் எல்லாம் அம்போ. இரண்டு பிள்ளைகள் இதனாலேயே விட்டுவிட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு சுற்றையும் 5 கேள்விக்குக் குறைத்தேன். சேர்த்து வைக்கிற புள்ளிகளே இல்லை. ஒரு தாயார் வேறொன்று எழுதினார்: "ரீச்சர், சத்தத்தைக் கொஞ்சம் இல்லாமச் செய்வீங்களோ, இவர் நைற் டியூற்றி முடிஞ்சு படுத்திருக்கிறார்." விளையாட்டில் போட்டிருந்த நாதஸ்வரச் சத்தத்தை எடுத்தேன். யாரும் தேடவில்லை.

போனே இல்லாத, அல்லது எடுக்க முடியாத பிள்ளைகள் ஆறு பேர். அவர்களுக்குத் தாளில் செய்து கொடுத்தேன். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் நல்லூர் விளையாட்டில் அவர்கள்தான் முந்தினார்கள்.

13, 14, 15

நல்லூர் கந்தசுவாமி கோவில் மகோற்சவம் 25 நாள். கொடியேற்றம் முதலாம் திருவிழா. பத்தாம் திருவிழா மஞ்சம், 23 ஆம் திருவிழா சப்பறம், 24 தேர், 25 தீர்த்தம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை இதை வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே பாடமாக்கிவிடும். மண்ணில் ஒரு நேர்கோடு கீறி அதில் 25 பெட்டி போட்டது மாதிரித் திரையில் ஒரு வீதி. தாயக்கட்டை உருட்டி, கொடியேற்றத்தில் இருந்து தீர்த்தம் வரை போக வேண்டும். நிற்கிற பெட்டியின் எண்ணைச் சொல்லித்தான் அடுத்த அடி வைக்கலாம்: 'பன்னிரண்டில் நிற்கிறேன், பதின்மூன்று, பதினான்கு' என்று.

வீதியை வளைக்காமல் நேராகப் போட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சீக்லர், ரமணி என்ற இரு ஆய்வாளர்கள் 2008 இல் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு 1 முதல் 10 வரை எழுதிய நேரான பலகை விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் 15 நிமிடம், நான்கு முறை மட்டும். எண்களைப் பற்றிய அவர்களின் விளக்கம் தெளிவாக முன்னேறியது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் நிறத்தைச் சொல்லி விளையாடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. என் பிள்ளைகள் அவர்களைவிடப் பெரியவர்கள், ஒப்பிட முடியாது. ஆனால் எண்ணைச் சொல்லிக்கொண்டு நகர்வது என்ற யோசனை அங்கிருந்துதான் எடுத்தேன்.

சில பெட்டிகளில் கேள்வி வரும். ஒன்று: 'மஞ்சத்துக்கும் தேருக்கும் இடையில் எத்தனை நாள்?' விடை 14 என்று எழுதிப் போட்டிருந்தேன். 24 கழி 10.

தாளில் விளையாடிய குழுவில் இருந்து ஒருத்தன் எழும்பி வந்தான். "ரீச்சர், பதின்மூண்டு."

"இருபத்துநாலிலை பத்துப் போனா எவ்வளவு?"

"பதினாலு. ஆனா எண்ணிப் பாத்தன் ரீச்சர், இடையிலை பதின்மூண்டு பெட்டிதான் இருக்கு." தாளைக் காட்டினான். 11 இல் இருந்து 23 வரை ஒவ்வொரு பெட்டியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தான். இதற்குள் இன்னொருத்தி, "அம்மா மஞ்சத்திலை இருந்து தேர் மட்டும் ஒரு நாளும் விடாமல் போறவ, பதினஞ்சு தரம் போவா" என்றாள்.

மூன்றும் சரி. இடையில் உள்ள நாட்கள் 13. மஞ்சத்தன்று நின்றுகொண்டு, தேருக்கு இன்னும் எத்தனை நாள் என்றால் 14. இரண்டையும் சேர்த்து எத்தனை திருவிழா என்றால் 15. பிழை என் கேள்வியில் இருந்தது. போனில் விளையாடியவர்கள் என் 14 ஐ நம்பிவிட்டார்கள், இயந்திரம் சரி என்று சொல்லிவிட்டதால். தாளில் சரி பிழை சொல்ல ஆள் இல்லாததால் அவன் எண்ணிப் பார்த்திருக்கிறான். இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த இரண்டு பெட்டிகளுக்கும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 13, 14, 15 என்ற மூன்று விடைகளையும் எந்தக் கேள்விக்கு எது என்று பொருத்த வேண்டும். வகுப்பில் அதிக நேரம் சண்டை நடப்பது இதில்தான்.

வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்லூர் ஐஸ்கிரீம் எல்லோருக்கும் பொது, ஆனால் திருவிழா அப்படி இல்லை. தயக்கத்தோடுதான் இருந்தேன். குருநகர்ப் பக்கத்தில் இருந்து வருகிற ஒரு பையன் அதைத் தானே தீர்த்து வைத்தான்: "டிசம்பரும் நத்தார் மட்டும் இருபத்தஞ்சுதானே ரீச்சர்?" அதே வீதியை எடுத்து, ஒளிவிழாவையும் பாலன் குடில் கட்டுகிற நாளையும் போட்டுக் கொடுத்தேன். அவர்களும் 13, 14, 15 சண்டையில் இறங்கினார்கள். படத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்ட முடியக்கூடாது என்ற என் சட்டம் இங்கே உடைந்துவிட்டது, ஏனென்றால் படத்தைக் கழற்றித்தான் மாட்டினேன், ஒன்றும் கெடவில்லை. இரண்டிலும் பிள்ளை செய்வது ஒரு நாளுக்காகக் காத்திருந்து எண்ணுவது. அந்தக் காத்திருப்பு இருந்தால் போதும் போலிருக்கிறது.

கச்சான் கடையும் மிச்சக்காசும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இன்னும் முடியாத வேலை. கோவில் வீதிக் கச்சான் கடை விளையாட்டில் 350 ரூபாய்க்கு வாங்கி 500 கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று வருகிறது. கொப்பியில் 500 இல் 350 ஐக் கழிக்கச் சொன்னால் 250 என்று எழுதுகிற ஒருத்தன், மாமாவின் கடையில் திருவிழாக் காலத்தில் நின்றவன், வாயால் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "முன்னூத்தம்பதுக்கு அம்பது போட்டா நானூறு. பிறகு நூறு. நூத்தம்பது."

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காய் போன்றவற்றை விற்ற பிள்ளைகளிடம் இதையேதான் 1985 இல் கண்டிருக்கிறார்கள். ஒரு தேங்காய் 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு பையன், மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று மும்மூன்றாக ஏறி 350 க்கு வந்தான். கடையில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது தடுமாறினார்கள்.

என் கடை விளையாட்டு முதலில் எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கழிப்பதைத்தான் காட்டியது. இப்போது 350 இல் இருந்து 500 வரை தாள் தாளாக ஏறுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று, நூறு ரூபாய்த் தாள் ஒன்று. கடைக்காரர் கையில் எண்ணித் தருகிற அதே ஒழுங்கு.

என்னிடம் ஒப்பீட்டு வகுப்பு இல்லை. 23 பிள்ளைகளை ஒரே ஆசிரியை, அதுவும் விளையாட்டைச் செய்தவளே, பார்த்து எழுதியது இது. கோல விளையாட்டுக்குப் பிறகு வந்த எண் கோலக் கணக்குகளைப் பயப்படாமல் தொட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியும். கழித்தலில் 'இடையில்' என்ற சொல் வந்தால் இப்போது பலர் கையை நீட்டி, "ரெண்டு கரையும் சேர்த்தோ ரீச்சர்?" என்று கேட்கிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் இது புள்ளியாக மாறுமா என்று பெற்றோர் கேட்கும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

தீர்த்தம் முடிந்த அடுத்த நாள், பென்சிலால் புள்ளி வைத்த அந்தப் பையன் தன் தாளோடு வந்தான். 25 க்குப் பக்கத்தில் கோணலாக ஒரு பெட்டி கீறி ஒட்டியிருந்தான்.

"ரீச்சர், இண்டைக்குப் பூங்காவனம். நீங்கள் போடேல்லை."

அதைக் கணினியிலும் சேர்த்துக்கொண்டிருந்தபோது பின்வாங்கில் இருந்து ஒரு குரல்: "அப்ப வைரவர் மடை?"